காரை மேட்டில் கடல்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் காரை என்றொரு கிராமம் இருக்கிறது. ஊரைத் தாண்டினால் புல்கூட முளைக்காத களிமண் மேடுகள் வரிசை வரிசையாகக் கிடக்கும். மழை அரித்த ஓடைத் தடங்கள் அவற்றைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டியிருக்கும். களிமண்ணுக்குள் ஜிப்சம் படிகங்கள் வெயிலில் மின்னும். குனிந்து தேடினால் பெலம்னைட் என்ற கடலுயிரியின் கல்லாகிப்போன உள்ளோடு விரல் கனத்தில் அகப்படும். சில நேரம் சுருள் சுருளான அம்மோனைட் ஓடும் அகப்படும். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த இடம் கடலுக்கு அடியில் இருந்தது.

பக்கத்து அரியலூரின் கதையும் அதுதான். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இரவு பகலாக லாரிகளில் ஏறி சிமெண்ட் ஆலைக்குப் போவதெல்லாம் ஒரு காலத்துக் கடலின் அடிப்பகுதி. 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஆய்ந்து எழுதினார். அவருக்குப் பின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா இங்கே கிடைத்த உயிரினங்களைத் தொகுதி தொகுதியாக விவரித்தார். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940இல் எம்.எஸ்.கிருஷ்ணன் வெளியுலகுக்குச் சொன்னார். வெளிநாட்டுப் புவியியலாளர்கள் தேடி வருகிற மண் இது. இதே மண்ணில் ஆடு மேய்த்து, மக்காச்சோளம் விதைத்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ இது வெறும் பொட்டல்.

அந்தக் குறையை ஆற்றாமல்தான் அரியலூர்ப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்த ஒருவர் 2017 கோடையில் என்னைத் தேடி வந்தார். பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் அப்போது நான் மிக்சிங் அறை வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு வீடியோக்களை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுத் தருவது பிழைப்பு.

"தம்பி, காரை மேட்டுல நான் நின்னு பேசணும். பேசப் பேச கடல் ஏறி வரணும். கடைசியில நான் தண்ணிக்குள்ள நிக்கணும். உங்களால முடியுமா?"

முடியும் என்றேன். அடுத்து அவர் சொன்ன நிபந்தனைதான் என்னை நெடுநாள் உழைக்க வைத்தது. "காசு கொடுத்து வாங்குற சாஃப்ட்வேர் வேணாம். திருட்டு காப்பியும் வேணாம். நீங்க செஞ்சு முடிச்ச ஃபைலை என் பசங்க அவங்க லேப்டாப்புல தெறந்து, எப்படிச் செஞ்சீங்கன்னு பாக்கணும். அடுத்த வருசம் வர்ற பசங்க அதுல இன்னொரு மீனைச் சேர்க்கணும்."

அந்த லேப்டாப் என்பது தமிழக அரசு 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்துவந்த இலவச மடிக்கணினி. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலோர் அந்த லினக்ஸைத் திறந்ததே இல்லை. படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் விண்டோஸ் போதுமானதாக இருந்தது. திரைப்பட வேலை செய்யும் மென்பொருள்களை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம் என்ற செய்தி அவர்களை எட்டவே இல்லை. எனக்கும் அரைகுறையாகத்தான் எட்டியிருந்தது.

எங்கள் தொழிலில் அன்றைய நிலையைச் சொல்லிவிட வேண்டும். மிக்சிங் அறைகள் பலவற்றில் ஓடியது கிராக் செய்த மென்பொருள். வாங்கிப் பயன்படுத்த யாருக்கும் மனமில்லை என்பதல்ல காரணம். கம்பாசிட்டிங்கில் உலகத் தரமாக இருக்கும் நியூக் மென்பொருளின் உரிமம் லட்சக்கணக்கில் போகும். முகூர்த்த மாதங்களில் மட்டும் வருமானம் பார்க்கிற ஒரு அறைக்கு அது எட்டாக்கனி. எங்களுக்குத் தேவையும் அவ்வளவு இல்லை. மணமக்களுக்குப் பின்னால் ஊட்டி மலையை வைத்தால் போதும். ஆனால் அந்தச் சின்ன வேலையைச் செய்யும்போதெல்லாம், 'காதலன்' படத்தில் முக்காலா பாட்டுக்குத் தலையும் கையும் மறைந்து உடை மட்டும் ஆடியதைத் தியேட்டரில் வாய் பிளந்து பார்த்த பையன் எனக்குள் எட்டிப் பார்ப்பான். 1994இல் வந்த அந்தப் படத்தின் காட்சி வித்தைகளுக்காக எஸ்.டி.வெங்கிக்குத் தேசிய விருது கிடைத்தது. அதற்கும் வெகுமுன்பு, படத் தொழிலில் கணினியே இல்லாத 1957இல், 'மாயாபஜார்' படத்தில் மார்கஸ் பார்ட்லி கேமராவுக்குள்ளேயே இப்படிப்பட்ட மாயங்களைச் செய்து காட்டியிருந்தார். இந்த மரபு நம் சென்னையில் வளர்ந்தது. பெரம்பலூரில் இருந்த எனக்கு அதன் கதவு பூட்டியே கிடந்தது. ஆசிரியர் கேட்ட வேலை அந்தப் பூட்டில் கைவைக்கச் சொன்னது.

கம்பாசிட்டிங் என்பது வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நேரத்தில் எடுத்த படங்களை ஒரே கேமரா ஒரே நொடியில் எடுத்ததுபோல ஒன்றுசேர்ப்பது. இதன் அடிப்படைக் கணக்கை லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு, அந்தப் புள்ளி எவ்வளவு மறைக்கிறது என்று சொல்லும் நான்காவது எண்ணும் உண்டு. அதுதான் ஆல்ஃபா. ஆல்ஃபாவால் ஏற்கெனவே பெருக்கப்பட்ட முன்படத்தின் நிறத்தோடு, பின்படத்தின் நிறத்தை ஒன்றிலிருந்து ஆல்ஃபாவைக் கழித்த எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். இவ்வளவுதான். கணினியில் செய்யும் எந்தப் படத்திலும் ஒன்றின்மேல் ஒன்றை வைப்பதற்கு இந்தக் கூட்டலே ஆதாரம்.

அரியலூர்ப் பிள்ளைகளுக்கு ஆல்ஃபாவை விளக்க எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. சுண்ணாம்புக்கல் லாரி போன பிறகு சாலையில் எழும் புழுதியைக் காட்டினேன். லாரிக்குப் பக்கத்தில் புழுதிக்குப் பின்னால் எதுவும் தெரியாது, அங்கே ஆல்ஃபா ஒன்று. தள்ளிப் போகப் போக மரம் மங்கலாகத் தெரியும், அங்கே பாதி. கடைசியில் பூஜ்யம். "அப்ப கண்ணுக்கு முன்னாலயே கம்பாசிட்டிங் நடக்குது சார்" என்றான் ஒருவன். அந்தப் பையன் சொன்னது முழுக்கச் சரி.

இனி மென்பொருள் தேடல். இணையத்தில் 'இலவசம்' என்று வருகிற பட்டியல்களை நம்பி இறங்கினால் பாதி வீணாகும். நியூக்குக்கே வணிகமல்லாத இலவசப் பதிப்பு உண்டு. ஆனால் வெளியீடு 1920-க்கு 1080 அளவோடு நின்றுவிடும், அதன் கோப்பைக் கட்டணப் பதிப்பில் திறக்கவும் முடியாது. நிறுவனம் நாளை நிறுத்தினால் கேட்க ஆளில்லை. பிளாக்மேஜிக் நிறுவனத்தின் ரிசால்வ் இலவசமாகக் கிடைக்கிறது. 2014இல் அவர்கள் வாங்கிய ஃபியூஷன் என்ற கம்பாசிட்டிங் கருவியும் பின்னால் அதற்குள் வந்து சேர்ந்தது. தரமான பொருள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் நிரல் நம்மிடம் இல்லை. லினக்ஸில் இலவசப் பதிப்பைப் போட்டால், நம் கேமராக்கள் எழுதுகிற ஹெச்.264 வீடியோவை அது திறக்காது. கனமான கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கும். பள்ளி மடிக்கணினிக்கு அது ஆகாது.

திறந்த நிரல் கொண்டவற்றிலும் உயிரோடு இருப்பது எது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஃபிலிம் கிம்ப் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் சினிபெயிண்ட் ஆன ஒரு மென்பொருள், ஹாலிவுட்டின் ரிதம் அண்ட் ஹ்யூஸ் போன்ற ஸ்டுடியோக்களில் ஓடியது. அவ்வளவு பெரிய வீட்டில் வாழ்ந்தும் பராமரிக்க ஆளில்லாமல் நின்றுபோனது. ஜஷாகா என்ற இன்னொன்று பெரிய கனவுகளோடு வந்து காணாமல் போனது. இறுதியில் கையில் நின்றவை இரண்டு: நேட்ரான், பிளெண்டர்.

நேட்ரான் பிரான்ஸில் பிறந்தது. அந்நாட்டு அரசின் கணினி ஆய்வு நிறுவனமான இன்ரியாவில் 2012இல் அலெக்சாந்தர் கோத்தியே தொடங்கினார். பிரெடெரிக் தெவர்னே அவரோடு சேர்ந்து உழைத்தார். தான்சானியாவில் உள்ள நேட்ரான் ஏரியின் பெயரை வைத்தார்கள். பார்வைக்கும் பழக்கத்துக்கும் நியூக்கை ஒத்தது. நோடு என்ற செயல்கட்டங்களை ஒன்றோடொன்று கம்பியால் கோத்து வேலை செய்ய வேண்டும்.

பிளெண்டர் தோன் ரோசன்டால் உருவாக்கியது. அவருடைய நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது, பயனர்கள் ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதன் நிரலை விடுவித்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து அது திறந்த நிரல் மென்பொருள். இந்தச் செய்தியை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. தாங்கள் பயன்படுத்தும் கருவியைத் தாங்களே மீட்டுக்கொண்ட மக்கள் அவர்கள். பிளெண்டர் முப்பரிமாணத்துக்குப் பெயர்பெற்றது என்றாலும் அதற்குள் கம்பாசிட்டர் உண்டு, 2011 இறுதியிலிருந்து கேமரா டிராக்கிங் உண்டு. நடிகர்களை வைத்து எடுத்த காட்சிகளில் இந்தக் கருவிகளைச் சோதிப்பதற்கென்றே 2012இல் 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' என்ற குறும்படத்தை எடுத்து, மூலக் காட்சிகளையும் உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். கிரீன் மேட் முன்னால் எடுத்த நல்ல காட்சி வேண்டுமென்றால் இன்றும் அதைப் பதிவிறக்கலாம்.

நான் அதை வைத்துச் சோதிக்கவில்லை. விலையுயர்ந்த கேமராவில், தேர்ந்த ஒளியமைப்பில் எடுத்த காட்சியில் எந்த மென்பொருளும் நன்றாகத்தான் வேலை செய்யும். எங்களிடம் இருந்தது கல்யாணத்துக்குப் பயன்படுத்தும் டி.எஸ்.எல்.ஆர். பள்ளி மைதானத்தில் சுவரோடு சுவராக, ஜவுளிக்கடையில் வாங்கிய பச்சைத் துணியைக் கட்டினோம். துணியில் மடிப்பு, மைதானத்தில் காற்று, உச்சி வெயில். ஆசிரியர் வெள்ளைச் சட்டையில் நின்றார். நெற்றிக்கு மேல் முடி காற்றில் பறந்தது. இந்தக் காட்சியைத் தாங்கும் மென்பொருள்தான் எங்களுக்கு உதவும்.

அங்கே ஒரு மாணவி கேட்ட கேள்வி எனக்குப் பிடித்தது. "எதுக்கு சார் துணி? பின்னாலயே மக்காச்சோளக் கொல்லை பச்சையா நிக்குதே?" அதற்கு விடை சொல்லத்தான், துணியின் நிறத்தை வைத்து ஆளைப் பிரிக்கும் கீயிங்கின் உள்வேலையை விளக்கினேன். நீல, பச்சைத் திரைக் கலையின் தந்தை பெட்ரோ விலாஹோஸ் கண்ட வழி நிற வேறுபாட்டுக் கணக்கு. ஒரு புள்ளியின் பச்சை எண்ணிலிருந்து, சிவப்பு நீலம் இரண்டில் பெரியதைக் கழிக்க வேண்டும். மிச்சம் நிறைய இருந்தால் அது துணி. மிச்சமே இல்லையென்றால் அது ஆள். இடைப்பட்டால் முடி, புகை, கண்ணாடி. சோள இலை நம் கண்ணுக்குப் பச்சை. கேமராவின் எண்களில் அதற்குள் சிவப்பும் ஏராளம், ஆகவே மிச்சம் கொஞ்சம்தான் வரும். அதையும் இலைக்கு இலை விழும் நிழல் கெடுக்கும். அந்தப் பெண் உடனே தன் கைபேசியில் சோள இலையையும் துணியையும் படமெடுத்து, எண்களைப் பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்டாள்.

இன்னொரு சிக்கல் கேமராவில் இருந்தது. எங்கள் டி.எஸ்.எல்.ஆர். எழுதும் வீடியோவில் வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் பதிவாகும், நிறமோ நான்கு புள்ளிக்கு ஒரு தடவைதான் பதிவாகும். கண்ணுக்கு இது தெரியாது. நிறத்தை வைத்தே வெட்டுகிற கீயருக்கு நன்றாகத் தெரியும். சட்டை ஓரம் படிக்கட்டாக வந்தது. கீயிங்குக்கு முன்னாலேயே எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியைக் கொண்டு வீடியோவைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துக்கொண்டோம். மென்பொருளுக்குள் இழுத்து நகர்த்த அது எளிது. ரெண்டர் நடக்கும்போது கரண்டு போனாலும், நின்ற படத்திலிருந்து தொடரலாம். எங்கள் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

நேட்ரானில் அந்த முடியை எடுத்த மாலை எனக்குப் பெரிய நிறைவு தந்தது. அதில் பிஐகே என்றொரு கீயர் இருக்கிறது. நியூக்கில் ஐபிகே என்று வழங்குவதன் உறவு. துணியின் மடிப்பையும் நிழலையும் முதலில் ஒரு சுத்தமான பச்சைப் படமாக ஊகித்து வைத்துக்கொண்டு, அதோடு ஒப்பிட்டு ஆளைப் பிரிக்கிறது. சீரற்ற துணிக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. முடியின் இழைகள் தனித்தனியாக நின்றன. சட்டையில் படிந்த பச்சைச் சாயலை டெஸ்பில் நோடு எடுத்தது. படத்தை உள்ளே வாங்கும்போதே நேட்ரான், கேமரா வெளிச்சத்தை மாற்றிப் பதிவுசெய்யும் வளைகோட்டை நீக்கி, ஒளியின் நேரான அளவாக மாற்றி, 32 பிட் மிதவை எண்களில் கணக்குப் போடுகிறது. அதனால்தான் ஓரத்தில் கறுப்புக் கோடு வரவில்லை. வளைகோட்டை நீக்காமல் கூட்டினால் புழுதியும் முடியும் அழுக்காகத் தெரியும். கல்யாண வீடியோக்களில் மணமக்களைச் சுற்றிக் கத்தரித்து ஒட்டிய தோற்றம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேட்ரானின் பலவீனங்களும் உடனே தெரிந்தன. நோடுகள் கூடக் கூட நினைவகத்தை விழுங்கும். சில நேரம் சொல்லாமல் மூடிக்கொள்ளும். அடிக்கடி சேமிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே கற்றுக்கொடுத்தது. மடிக்கணினியில் காட்சியைக் கால் பங்கு அளவில் வைத்துக்கொண்டால்தான் நகரும். மிகப் பெரிய குறை, அதில் முப்பரிமாண வெளி கிடையாது. கேமரா நகராத காட்சிக்கு அது போதும். காரை மேட்டில் நான் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நடந்திருந்தேன். நடக்கிற கேமராவுக்கு முன்னால் கடல் ஏற வேண்டும் என்றால், கேமரா எங்கெங்கே இருந்தது என்று முதலில் கண்டுபிடித்தாக வேண்டும்.

அது பிளெண்டரின் வேலை. படத்தில் சில புள்ளிகளைத் தேர்ந்து, ஃப்ரேம் ஃப்ரேமாகத் தொடரவைத்தால், அவை ஒன்றுக்கொன்று நகரும் விதத்தை வைத்துக் கேமராவின் பாதையைக் கணக்கிடுகிறது. காரையில் கண்ணைப் பறிக்கும் புள்ளிகள் ஜிப்சம் படிகங்கள். பார்த்ததும் அவற்றைத்தான் தேர்ந்தெடுக்கத் தோன்றும். ஆனால் படிகத்தின் மினுக்கம் பார்க்கும் கோணத்துக்கேற்ப இடம் மாறுகிறது, கல் நின்ற இடத்தில் நின்றாலும் ஒளி நகர்ந்துவிடும். அந்தப் புள்ளிகளை விட்டுவிட்டு, களிமண் வெடிப்புகளின் முனைகளையும் கருத்த கூழாங்கற்களையும் பிடித்ததும் பிழை அரைப் புள்ளிக்குக் கீழே இறங்கியது. அதன்பின் மேடுகளின் உருவத்தைக் கரடுமுரடாகக் கட்டி, ஓஷன் மாடிஃபையரால் அலையடிக்கும் தண்ணீர்ப் பரப்பை வைத்து, அதை மெல்ல உயர்த்தினேன். மேட்டுக்குப் பின்னால் போக வேண்டிய தண்ணீர் பின்னாலேயே போனது.

பிளெண்டரின் கம்பாசிட்டரில் அப்போது எனக்குத் திருப்தியில்லை. 2.79 பதிப்பில் ஒரு எண்ணை மாற்றினால் நோடுகளின் மரம் முழுவதையும் முதலிலிருந்து கணக்கிடும். கீயிங் நோடு நன்றாக இருந்தாலும் எங்கள் துணியின் மடிப்பில் நேட்ரான் அளவுக்குப் பிடிகொடுக்கவில்லை. இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். முப்பரிமாணக் காட்சிகளின் கடும் வெளிச்சத்தை அடக்கிக் காட்டுவதற்காக ஃபில்மிக் என்ற நிறப் பார்வையை அந்தப் பதிப்பில் கொடுத்தார்கள், 2.8இல் அதையே தொடக்க அமைப்பாக வைத்துவிட்டார்கள். கேமராவில் எடுத்த காட்சியை அப்படியே அதன் வழியாகப் பார்த்தால் வெள்ளைச் சட்டை சாம்பலாகும். அதை ஸ்டாண்டர்டுக்கு மாற்றிய பிறகுதான் கம்பாசிட்டிங் தொடங்க வேண்டும். 4.0க்குப் பிறகு அந்த இடத்தில் ஏஜிஎக்ஸ் இருக்கிறது, எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

ஆகவே இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தினோம். பிளெண்டர் கடலைச் செய்து ஓப்பன்இஎக்ஸ்ஆர் கோப்புகளாகத் தந்தது, நேட்ரான் அவற்றை வாங்கி ஆசிரியரோடும் புழுதியோடும் சேர்த்தது. இந்தக் கோப்பு வடிவத்தை 'ஸ்டார் வார்ஸ்' வித்தைகளைச் செய்த ஐஎல்எம் நிறுவனம் 2003இல் உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தது. இன்று பெரும்பாலான ஸ்டுடியோக்கள் அதில்தான் புழங்குகின்றன. ஒன்றையொன்று அறியாத இரண்டு இலவச மென்பொருள்கள், பெரம்பலூரில் ஒரு மிக்சிங் அறையில் ஒரே மொழி பேசியது அதனால்தான்.

ஆசிரியரின் கை தண்ணீருக்கு மேலும் கீழும் போகிற காட்சியில் கிரீன் மேட் உதவவில்லை. கையின் ஓரத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக வரைய வேண்டியிருந்தது. மக்காச்சோளக் கேள்வி கேட்ட மாணவியே அந்த ரோட்டோ வேலையைக் கையில் எடுத்தாள். விரல்களைத் தனித்தனி வடிவமாகப் பிரித்துக்கொண்டால் அசைவைத் தொடர்வது எளிது என்று நான் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தாள். நேட்ரானின் திட்டக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. அதைப் பென் டிரைவில் எடுத்துவந்து என் கணினியில் திறந்தால் அவள் வைத்த புள்ளிகள் அப்படியே இருந்தன. உரிமச் சாவி கேட்கவில்லை, பதிப்பு ஒவ்வவில்லை என்று சொல்லவில்லை. ஆசிரியர் வைத்த நிபந்தனையின் பொருள் அன்றுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

படத்தைப் பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டரில் போட்டோம். கடல் ஏறியபோது சின்ன வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சின் மேல் காலைத் தூக்கிக்கொண்டார்கள். மறுநாள் ஒரு பையன் தன் கொல்லையில் கிடந்ததாக, கை நிறையக் கல் சிப்பி கொண்டுவந்து ஆசிரியர் மேசையில் கொட்டினான். தனித்தனியாக ஒவ்வொன்றையும் எங்கே எடுத்தாய் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார் அவர். வியப்போடு நிறுத்தாமல் வேலைக்குள் இழுக்கிற ஆசிரியர்.

அதற்குப் பிறகான ஆண்டுகளில் என் மதிப்பீடு கொஞ்சம் மாறியது. 2019இல் பிளெண்டர் 2.8 வந்தபோது ஓப்பன்ஜிஎல் 3.3 வேண்டும் என்று கேட்டு, பழைய மடிக்கணினிகள் சிலவற்றில் திறக்க மறுத்தது. அவற்றில் 2.79-ஐயே வைத்துக்கொண்டோம். பழைய பதிப்புகளை இன்றும் பிளெண்டர் தளத்திலிருந்து எடுக்கலாம் என்பது பெரிய உதவி. நேட்ரானில் இன்ரியாவின் முழுநேர உழைப்பு நின்று, தன்னார்வலர்கள் கைக்குப் போனது. அவர்கள் பிழை திருத்திப் பதிப்புகள் வெளியிட்டார்கள். ஆனால் புதிய வசதிகள் வரும் வேகம் குறைந்துவிட்டது. பிளெண்டரிலோ வளர்ச்சி நிற்கவே இல்லை. 2024இல் வந்த 4.2 பதிப்பில் கம்பாசிட்டரின் கணக்கு முழுவதையும் கிராஃபிக்ஸ் கார்டே செய்யலாம் என்றானது. எண்ணை மாற்றிவிட்டுக் காத்திருந்த பழைய அலுப்பு பெருமளவு போய்விட்டது.

அந்த மாணவி இப்போது சென்னையில் ரோட்டோ வேலை செய்கிறார். முதல் நாள் நியூக்கைத் திறந்தபோது நோடுகளும் குறுக்கு விசைகளும் ஏற்கெனவே பழகியவையாக இருந்தன என்று சொன்னார். நேட்ரானுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் நான் கொடுக்க முடியாது.

என்னிடம் இன்று யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பிளெண்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதைப் பேண ஆட்கள் இருக்கிறார்கள், பணம் இருக்கிறது, பத்து ஆண்டு கழித்தும் உங்கள் கோப்பு திறக்கும் என்று நம்பலாம். கசங்கிய துணி முன்னால் எடுத்த காட்சிக்கும், நியூக் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கும் நேட்ரானைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கே அளவில் பெரிய படம் செய்ய வேண்டிய ஸ்டுடியோ, காசு கொடுத்து நியூக் வாங்குவதுதான் நியாயம். இலவச மென்பொருள் மேல் உள்ள அன்பினால் அதை மறைக்க மாட்டேன்.

சோதிக்கும்போது அடுத்தவர் தந்த அழகான காட்சியை எடுக்காதீர்கள். உங்கள் கேமராவில், உங்கள் ஊர் வெயிலில், காற்றடிக்கும்போது எடுத்த ஒரு ஷாட்டை எடுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே பலவீனமான கணினியில் போட்டுப் பாருங்கள். முடியோரம், புழுதி, நகரும் கேமரா மூன்றும் அதில் இருக்கட்டும்.

இரண்டு மாவட்டத்து ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சுரங்கம் தோண்டத் தோண்டக் கல்லங்குறிச்சியின் சிப்பிப் படுகைகள் குறைந்துகொண்டே போகின்றன. காரை மேடு ஒவ்வொரு மழைக்கும் கரைகிறது. இன்று இருக்கும் முகத்தைக் கைபேசியிலாவது, நின்று நிதானமாக, நான்கு பக்கமும் சுற்றிப் படமெடுத்து வையுங்கள். கடலைப் பிள்ளைகள் பிறகு சேர்த்துக்கொள்வார்கள், அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அடியில் வைக்க மண்ணின் படம் வேண்டும்.